உலகின் ஒரே தாய்மொழிக்காரி

ஜூன் 1, ஞாயிறு

இல்லை, அதைப் பொய் என்று சொல்ல முடியாது. என் வாயிலிருந்து கிளம்பும்போது அது ஓர் உதாரணமாகத்தான் இருந்தது. அவர்கள் காதுக்குப் போய்ச் சேர்வதற்குள் தகவலாகிவிட்டது. நடுவழியில் நடந்ததற்கு நான் பொறுப்பில்லை.

முறையாக எழுதுகிறேன். காலை பதினொரு மணி, தெலின் வட்டத்தின் வாராந்தர அழைப்பு. தெலின் யாருக்கும் தாய்மொழி இல்லை. பதினோரு வருடங்களுக்கு முன் சிலர் உட்கார்ந்து, பேச்சில் குழப்பமே வரக்கூடாது என்று விதி விதியாகச் செய்த மொழி. அதைக் கற்றுக்கொள்ளும் தமிழர்கள், எங்களுக்குத் தெரிந்து, ஏழு பேர். ஏழில் நான் ஒருத்தி. பாளையங்கோட்டையில் ஒரு மாடி வீடு. இயர்போன் கெட்டு இரண்டு மாதம். எல்லாம் ஸ்பீக்கரில்.

அழைப்பு எப்போதும் புஷ்பராணி அக்காவின் கேள்வியோடு தொடங்கும். "பாமு?" சாப்பிட்டாச்சா. இந்த மொழியைச் செய்தவர்கள் வணக்கம் சொல்ல வேறு ஏதோ வைத்திருந்தார்கள். மலேசியாவில், கிள்ளானில் இருக்கும் அக்கா அதை ஒரு நாளும் பயன்படுத்தியதில்லை. மற்ற ஆறு பேரும் வரிசையாகப் பதில் சொல்லவேண்டும். நான், "பாமு வி." கோயம்புத்தூர் சபரீஷ் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணிக்குத்தான் சாப்பிடுவார். வாராவாரம் அதே பதில். "நே பாமு வி." சாப்பிடவில்லை, கண்டேன். தன் வயிற்றைத் தானே கண்டவர்.

அந்த 'வி'யைச் சொல்லவேண்டும். தெலினில் ஒவ்வொரு வாக்கியமும், அது உனக்கு எப்படித் தெரியும் என்பதோடு முடியும். நானே கண்டேன் என்றால் வி. பிறர் சொன்னது, ஊகித்தது என்றால் வேறு வேறு. அதனால் எங்கள் வட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. வி என்று முடித்தவரை "நிஜமாவா?" என்று யாரும் கேட்கக் கூடாது. கேட்டால் அநாகரிகம். மொழியே கேட்டுவிட்டது, நீ யார் மறுபடி கேட்க.

இன்று சபரீஷ் ஆரம்பித்தார். பம்ப் கம்பெனியில் சோதனைக்கூடத்தில் வேலை அவருக்கு. எதையும் அழுத்தம் கொடுத்து ஒழுகுகிறதா என்று பார்க்கிற புத்தி.

"ஏனுங்க, ஒரு குழந்தைகூடப் பேசாதது மொழிங்களா? ஃபார்முலாங்க அது. நாம ஏழு பேரும் ஃபார்முலாவ மனப்பாடம் பண்ணிட்டிருக்கறோம்."

சிரித்தார். அந்தச் சிரிப்பு இல்லையென்றால் எதுவும் நடந்திருக்காது.

"எங்க அக்கா பொண்ணு பேசுறாளே," என்றேன். "ரெண்டரை வயசு. நான் அவகிட்ட தெலின்லதான் பேசுறேன்."

'என்று வைத்துக்கொள்ளுங்கள்' என்று சேர்க்க நினைத்தேன். சேர்க்கவில்லை.

புஷ்பராணி அக்கா, "ஐயோ கோமதி, நெச..." என்று ஆரம்பித்து, வழக்கம் நினைவுக்கு வந்து நிறுத்தி, தெலினுக்கு மாறிக் கேட்டார். குழந்தை பேசுகிறாளா?

பேசுகிறாள். வி.

அழைப்பு முடிந்து குனிந்து பார்த்தால், கீழ்வீட்டு மெர்சி அக்காவின் மகள் ஏஞ்சலின் மேஜைக்கு அடியில் என் செருப்பு வாரைக் கழற்றிக்கொண்டிருந்தாள். மூன்று வயது. ஜெபத்தில் கத்துகிறாள் என்று ஞாயிறு காலைகளில் என்னிடம் விட்டுவிட்டுப் போவார்கள். வாரை மாட்ட அரை மணி நேரம் ஆனது.

ஜூன் 2, திங்கள்

எனக்கு அக்கா கிடையாது. எங்காவது ஓரிடத்தில் இதை எழுதி வைக்கவேண்டும் என்று பட்டது.

ஜூன் 8, ஞாயிறு

பெயர் கேட்டார்கள். ஆதிரை என்றேன். எவ்வளவு சட்டென்று வந்தது.

பாமு கேள்வி முடிந்ததும் நேராக அவளிடம்தான் போனார்கள். முதலில் என்ன சொன்னாள், எப்போது, எதைக் காட்டி. புஷ்பராணி அக்கா எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. அவர் இன்ஷுரன்ஸ் அலுவலகத்தில் வேலை செய்துகொண்டே ஒன்பது வருடமாகத் தெலின்-தமிழ் அகராதி எழுதுகிறார். சொற்களை அட்டைகளில் எழுதி ஷூ பெட்டிகளில் அடுக்கி வைத்திருக்கிறார். பதினான்கு பெட்டிகள். ஒரு முறை வீடியோவில் காட்டினார். எல்லாவற்றின் மேலும் ஒரே அளவு எண்: பாதம் ஐந்து.

முதல் சொல் 'தண்ணீர்' என்றேன். பிறகு அது மிகவும் அழகாக இருப்பதாகத் தோன்றி, 'மின்விசிறி' என்று மாற்றினேன். நிஜம் என்றால் கொஞ்சம் அசிங்கமாக இருக்கவேண்டும்.

இது என் தொழில். போட்டித் தேர்வுப் பயிற்சி மையத்துக்குக் கேள்வி எழுதுகிறேன். நான்கு விடைகளில் சரியானது ஒன்று. அதைப் புத்தகம் தந்துவிடும். மீதி மூன்றை நான் செய்யவேண்டும். நம்பும்படியாக, ஒரே நீளத்தில், ஒரே தொனியில். தத்துவத்தில் எம்.ஏ. படித்துவிட்டு நாளொன்றுக்கு நூற்றைம்பது பொய்.

ஏஞ்சலின் இன்று சார்ஜர் வயரைக் கடித்தாள்.

ஜூன் 15, ஞாயிறு

வென்றேன்.

'நே' என்பது இல்லை. அதை வினைக்கு முன்னால் வைப்பதா பின்னால் வைப்பதா என்று நானும் சபரீஷும் எட்டு மாதமாகச் சண்டை. அவர் முன் கட்சி. நான் பின் கட்சி. விதிப்புத்தகம் இரண்டையும் அனுமதிக்கிறது, கோழை. அகராதியின் ஏழாம் அத்தியாயத்தில் அக்கா முன் என்றுதான் எழுதி வைத்திருக்கிறார்.

இன்று சண்டை சூடுபிடித்தபோது சும்மா சொன்னேன். "ஆதிரை பின்னாடிதான் வைக்கிறா. யாரும் சொல்லிக்கொடுக்கல."

அவ்வளவுதான். எட்டு மாதம் எட்டு விநாடியில் முடிந்தது.

"அப்ப பின்னாடிதான்," என்றார் அக்கா, மலேசியப் பேச்சின் 'லா'வோடு. "நாமெல்லாம் படிச்சுப் பேசுறவங்க. அது பொறந்து பேசுது. அதுக்கு மேல யாரு லா?"

சபரீஷ், "குழந்தையே சொல்லிருச்சுங்களே. ஒத்துக்கறேனுங்க," என்றார். மிகவும் மரியாதையாக. அந்த மரியாதையில் ஏதோ இருந்தது.

மாலையில் கேசரி கிளறினேன். தனியாகச் சாப்பிட்டேன். கால் பங்கு ஏஞ்சலின்.

ஜூன் 17, செவ்வாய்

குழுச் செய்திகளில் இன்னும் இரண்டு வழக்குகளில் ஆதிரை தீர்ப்பு வழங்கினாள். இரண்டிலும் என் பக்கம். அடுத்ததில் எனக்கு எதிராகச் சொல்லவைக்கவேண்டும். தொழில் சுத்தம்.

ஜூன் 22, ஞாயிறு

குரலைப் பதிவு செய்து அனுப்பச் சொன்னார்கள்.

ஆதிரைக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. வேறு வழி தெரியவில்லை.

இரவுக்குள் பதினோரு செய்திகள். கஷாயம், ஈரத்துணி, எந்த டாக்டர், எத்தனை டிகிரி. டொரொன்டோவில் இருக்கும் ஒருவர் அங்கே அதிகாலை நான்கு மணிக்கு விழித்துக் கேட்டிருக்கிறார். 101 என்று போட்டேன். மறுபடி யோசித்து 100.4 என்று திருத்தினேன். புள்ளி வைத்தால் நம்புகிறார்கள்.

எனக்குக் காய்ச்சல் வந்தபோது, மார்ச்சில், நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கேட்டிருப்பார்களா என்று இன்று யோசித்தேன். கேட்டிருப்பார்கள். அது இன்னும் மோசம்.

ஜூன் 25, புதன்

சபரீஷ் தனியாகச் செய்தி அனுப்பினார். முதல் முறை.

"ஆதிரைக்குப் பரவாயில்லைங்களா? காய்ச்சல் பல்லுக்காக இருக்குமுங்க. இப்ப எந்தப் பல்லு வந்திட்டிருக்குதுங்க?"

கீழே ஓடினேன். மெர்சி அக்கா பல் மருத்துவமனையில் உதவியாளர்.

"ரெண்டரை வயசுல எந்தப் பல்லுக்கா முளைக்கும்?"

"கடைசிக் கடவாப்பல்லு. எதுக்கு கேக்க?"

"ஒரு கேள்வித்தாளுக்கு."

"ஒனக்கு மட்டும் எங்கேருந்துதான் கேள்வி கெடைக்கோ. இந்தா, இவளத் தூக்கு, அரிசி வச்சிருக்கேன்."

கடைவாய்ப்பல் என்று பதில் போட்டேன். நன்றி சொன்னார். பிறகு நான் சாப்பிட்டேனா என்று கேட்டார். தெலினில். மணி நாலு. அந்நேரத்தில் யாரும் எதையும் சாப்பிடுவதில்லை என்று பதில் எழுதி, பிறகு அது கடுமையாக இருப்பதாகத் தோன்றி, டீ குடித்தேன் என்று மாற்றி, பிறகு போய் டீ போட்டுக் குடித்தேன். வி என்று முடித்திருந்தேன் இல்லையா.

ஜூலை 3, வியாழன்

கிள்ளானிலிருந்து பார்சல். ஒரு டப்பா பிஸ்கட். மஞ்சள் சட்டை, இடுப்பில் ஒரு வாத்து. அளவு மூன்று வயது. 'கொஞ்சம் பெருசாவே எடுத்தேன், புள்ளைங்க சீக்கிரம் வளந்துடும்' என்று ஒரு அகராதி அட்டையின் பின்பக்கத்தில் எழுதியிருந்தார். முன்பக்கத்தில் 'காத்திரு' என்ற சொல்லும் அதன் மூன்று பொருள்களும்.

சட்டையை அலமாரியில் வைத்தேன். கதவு சரியாக மூடவில்லை. மஞ்சள் தெரிகிறது.

ஜூலை 6, ஞாயிறு

அழைப்பு முடிந்ததும் சபரீஷ் கேட்டார், முன்பல் இரண்டும் வந்துவிட்டதா என்று. இப்போதுதான் வருகிறது என்றேன். பெருமையாக.

"சரிங்க," என்றார்.

அழைப்பை வைத்த பிறகுதான் உறைத்தது. கடைவாய்ப்பல் முளைத்த பிள்ளைக்கு, முதலில் வரவேண்டிய முன்பல் இப்போது வருகிறது. இந்த மனிதர் கவனித்திருக்கமாட்டார். ஆண்களுக்குப் பல் வரிசை எங்கே தெரியும்.

ஜூலை 13, ஞாயிறு

பாமு கேள்வி முடிந்தது. அக்கா தொண்டையைச் செருமினார்.

அகராதி முடிந்துவிட்டது. ஒன்பது வருடம். ஏழாம் அத்தியாயம் முழுவதையும் ஆதிரை பேசுகிற விதத்துக்கு மாற்றி எழுதிவிட்டார். நாற்பத்தொரு பக்கம். லீவு போட்டு உட்கார்ந்து எழுதினாராம். ஆகஸ்ட் நாலாம் தேதி அச்சுக்குப் போகிறது.

"முதல் பக்கத்துல என்ன போடப்போறேன் தெரியுமா?" என்றார். "முதல் குழந்தை ஆதிரைக்குன்னு. ஒன்பது வருஷமா இது யாருக்காக எழுதுறோம்னு தெரியாமலேதான் எழுதிட்டு இருந்தேன் லா. இப்ப தெரியுது."

எல்லோரும் கை தட்டினார்கள். ஸ்பீக்கரில் ஏழு வீட்டுக் கைதட்டல் கரகரவென்று வந்தது. ஏழு இல்லை, ஆறு. மேஜைக்கு அடியிலிருந்து ஏஞ்சலினும் தட்டினாள். சரி, ஏழு.

நான் தட்டவில்லை.

ஜூலை 14, திங்கள்

கேள்வி: இல்லாத குழந்தையை என்ன செய்வது?

(அ) அப்பாவுக்கு வேலை மாற்றம். குடும்பத்தோடு குவைத்.
(ஆ) பள்ளியில் சேர்ந்தாள். ஆங்கிலம் புகுந்தது. தெலின் மறந்துபோனது.
(இ) அக்காவுக்கும் எனக்கும் சண்டை. பேச்சுவார்த்தை இல்லை.
(ஈ) உண்மையைச் சொல்வது.

மூன்று தவறான விடைகள் எவ்வளவு நேர்த்தியாக வந்திருக்கின்றன. சரியானது நீளத்தில் குட்டை. மாணவர்கள் பார்த்த உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஆனால் எந்த விடையைப் போட்டாலும் அந்த நாற்பத்தொரு பக்கம் அச்சாகும். (ஈ) தவிர. (ஈ) போட்டால் ஞாயிற்றுக்கிழமை இல்லை. ஞாயிறு பதினொரு மணிக்கு நான் சாப்பிட்டேனா என்று கேட்க உலகத்தில் வேறு யாரும் இல்லை.

இதை எழுதியதும் சங்கடமாக இருக்கிறது. அடிக்கப்போவதில்லை.

ஜூலை 18, வெள்ளி

புஷ்பராணி அக்கா வருகிறார். திருச்செந்தூரில் அவர் அண்ணன் மகளுக்குக் காதுகுத்து. ஞாயிறு 27, வழியில் என் வீடு. ஆதிரையைப் பார்க்கவேண்டும். சபரீஷும் ரயிலேறி வருகிறாராம். "கூட்டமா வந்து தொந்தரவு பண்றமுங்களா?" என்று கேட்டிருந்தார். இல்லை என்று பதில் போட்டேன். தலை சீவிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை மாலையில் யாருக்காக என்று தெரியவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

மெர்சி அக்காவிடம் பேசினேன். முழுவதும் இல்லை. தேவையான அளவு.

"அடுத்த ஞாயிறு ரெண்டு பேர் வர்றாங்க. ஏஞ்சலை ஆதிரைன்னு கூப்பிடுவேன். அவ வேற பாஷையில ரெண்டு வார்த்தை பேசணும். ஒரு மணி நேரம்தான்."

"என்ன பாஷைட்டி?"

ஒன்றிரண்டு சொன்னேன்.

மெர்சி அக்கா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார். "எங்க பாஸ்டர் கேட்டா ஆவி எறங்கிப் பேசுத அந்நிய பாஷைன்னு அழுதுருவாரு. நாப்பது நாள் உபவாசம் இருந்தும் எனக்கு வரல. இவளுக்கு நீ தேன்மிட்டாய் குடுத்து வரவைக்கப் போறியோ?"

"கா, வெளையாடாதீங்க."

"யாரு வெளையாடுதா? எம்புள்ளைக்குப் பேர் மாத்துதவ நீயி." கரண்டியை எடுத்தார். "கூட்டிட்டுப் போ. ஆனா பொய்யின்னா எம்புள்ளைய அதுல சேக்காத. சொல்லிட்டேன்."

"பொய்யில்லக்கா. ஒரு உதாரணம்."

ஜூலை 23, புதன்

மூன்று நாள், ஒரு பாக்கெட் தேன்மிட்டாய். பலன்: ஆதிரை என்று கூப்பிட்டால் திரும்புகிறாள். தெலினில் எதைச் சொல்லச் சொன்னாலும் ஒரே பதில். "நே." வாயை இறுக்கி, தலையை ஆட்டி, நே. நான் அதைச் சொல்லிக்கொடுக்கவே இல்லை. தமிழிலும் அப்படி ஒரு முனகல் எல்லாக் குழந்தைகளுக்கும் உண்டு என்று விட்டுவிட்டேன்.

மோட்டார் ரிப்பேர். கீழிருந்து குடம் குடமாகத் தண்ணீர்.

ஜூலை 27, ஞாயிறு

மாலை ஆறு. அவர்கள் போய்விட்டார்கள். நடந்ததை நடந்தபடி.

பத்தரைக்கு ஆட்டோ. புஷ்பராணி அக்கா நான் நினைத்ததைவிடக் குள்ளம். பாதம் ஐந்து, நம்பலாம். படியேறி மூச்சு வாங்கிக்கொண்டே என் கன்னத்தைப் பிடித்தார். "என்னாம்மா இப்படி மெலிஞ்சு கெடக்க?" பின்னால் சபரீஷ், கையில் இரண்டு பழப்பை. குரலில் இருந்ததைவிட உயரம். கண்ணாடி. அவ்வளவுதான் கவனித்தேன். நீலச் சட்டை, இடது மணிக்கட்டில் வாட்ச், வலது புருவத்தில் ஒரு சின்னத் தழும்பு. அவ்வளவுதான்.

ஏஞ்சலின் வாத்துச் சட்டையில் பாயில் உட்கார்ந்திருந்தாள். நான் சமையலறைக்குப் போய் டீயோடு வருவதற்குள் கிள்ளான் டப்பாவைத் திறந்து பிஸ்கட்டை வாயில் திணித்திருந்தாள். இரண்டு கன்னமும் உப்பி, சட்டை வாத்தின் மேலெல்லாம் தூள்.

அக்கா அவள் முன்னால் மெதுவாக முழங்கால் போட்டு உட்கார்ந்தார். ஒன்பது வருடம். கேள்வி என்னவென்று எனக்குத் தெரியும். வேறு எந்தக் கேள்வியும் அவருக்கு வராது.

"பாமு?"

ஏஞ்சலின் நிமிர்ந்தாள். என் மேஜைமேல் இருந்த போனைப் பார்த்தாள். அக்காவைப் பார்த்தாள். மறுபடி போனை. குரல் போனிலிருந்து இறங்கி வந்து தன் முன்னால் உட்கார்ந்திருப்பது புரிந்ததும் முகம் மலர்ந்தது. டப்பாவை முதுகுக்குப் பின்னால் தள்ளினாள். வாய் நிறையப் பிஸ்கட்டோடு, தெளிவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"நே பாமு வி."

சாப்பிடவில்லை. கண்டேன்.

இதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. சத்தியமாக, வி. சபரீஷ் ஞாயிறுதோறும் அந்த ஸ்பீக்கரிலிருந்து சொல்வதைச் செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டிருக்கிறாள். நான் ஒரு குழந்தையைக் கற்பனை செய்துகொண்டிருந்த அத்தனை வாரமும் மேஜைக்கு அடியில் ஒருத்தி உட்கார்ந்து மொழி கற்றிருக்கிறாள்.

அக்கா சிரிக்க ஆரம்பித்தார். முதலில் சத்தமில்லாமல், பிறகு தோள் குலுங்க, பிறகு கண்ணில் தண்ணீர் வர. "பொய் சொல்றா! சபரீஷ், கேட்டியா? வி போட்டு பொய் சொல்றா! பதினோரு வருஷத்துல இந்த பாஷையில யாருமே பொய் சொன்னதில்ல லா. இவதான் முதல்!"

முதல் இல்லை. அது எனக்கு மட்டும் தெரியும் என்று அப்போது நினைத்தேன்.

"ஆனா நே முன்னாடி வருதே," என்று அக்கா கண்ணைத் துடைத்தார். "பின்னாடிதானே வைப்பான்னு சொன்ன?"

உடனே மூன்று விடைகள் வந்தன. விருந்தாளிகளைப் பார்த்த பதற்றம். வாயில் பிஸ்கட். வளர்ச்சியில் இதுவும் ஒரு கட்டம். மூன்றும் ஒரே நீளம். எதைச் சொன்னாலும் நம்பியிருப்பார். வாயைத் திறந்தேன்.

அதற்குள் அவர் பையிலிருந்து அகராதியின் தட்டச்சுப் பிரதியை எடுத்துவிட்டார். முதல் பக்கத்தைப் புரட்டி, பேனா மூடியைப் பல்லால் கழற்றினார். "சரி அது அப்புறம். மொதல்ல பொறந்த தேதி சொல்லு. பேருக்குக் கீழ போடணும்."

நூற்றைம்பது பொய் எழுதுகிறவளுக்கு ஒரு தேதி வரவில்லை. முந்நூற்று அறுபத்தைந்தும் கையிருப்பில் இருந்தன. ஏஞ்சலின் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள், தன் பொய் எடுபட்ட சந்தோஷத்தில், கூட்டாளியைப் பார்ப்பதுபோல.

"ஆதிரைன்னு யாரும் இல்லக்கா," என்றேன். "எனக்கு அக்காவே இல்ல. இவ பேரு ஏஞ்சலின். கீழ்வீட்டுப் பொண்ணு."

பேனா அப்படியே நின்றது. அவர் என்னைப் பார்க்கவில்லை. சட்டையில் இருந்த வாத்தைப் பார்த்தார்.

"காய்ச்சல்?"

"இல்ல."

"நாப்பத்தோரு பக்கம், கோமதி."

"தெரியும்க்கா."

"உனக்கு என்ன தெரியும். அட்டையெல்லாம் கிழிச்சுட்டு புதுசா எழுதினேன்." எழுந்து முகம் கழுவப் போனார். குழாயில் தண்ணீர் வரவில்லை. மோட்டார் ரிப்பேர். குடத்திலிருந்து நான் மொண்டு ஊற்றினேன். அவர் கை நீட்டினார், முகத்தைத் திருப்பிக்கொண்டே.

திரும்பி வந்தபோது சபரீஷ் ஏஞ்சலினுக்கு ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

"உனக்குத் தெரியுமா இது?" என்று அக்கா கேட்டார்.

"தெரியுமுங்க."

நான் உட்கார்ந்துவிட்டேன்.

"எப்பருந்து?"

"மூணாவது வாரத்துல இருந்துங்க. குழந்தைங்க சம்பந்தமில்லாம பேசுமுங்க. ஆதிரை ஒரு நாளும் சம்பந்தமில்லாம பேசல. நாம எதுக்குச் சண்டை போட்டமோ அதுக்கு மட்டும் பதில் சொல்லுச்சு." கொட்டையை எடுத்துத் தனியே வைத்தார். "அப்பறம் பல்லு."

"அப்ப சொல்லியிருக்கலாமே!"

"வின்னு முடிச்சவங்களைக் கேக்கக் கூடாதுங்களே, அக்கா. நம்ம வழக்கம்." காது சிவந்திருந்தது. "அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி அவிங்களே சொல்லிருவாங்கன்னு நெனச்சனுங்க. அதுக்குத்தான் நானும் வந்தேன்."

அக்கா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நல்லாருக்கு. ஒருத்தி பொய் சொல்றா, ஒருத்தன் மரியாதை பாக்குறான், நடுவுல நான் முட்டாள்." பிரதியை எடுத்து, ஏழாம் அத்தியாயத்தை மட்டும் பிரித்து, என் மடியில் வைத்தார். வைத்தார் என்பது மென்மையான சொல். "பழையபடி ஆக்கு. பக்கம் பக்கமா. உன் கையால. அச்சு செப்டம்பருக்குத் தள்ளிப் போகும்."

"சரிக்கா."

"மூணு ஞாயிறு நீ பேசக் கூடாது. கேக்கலாம். பேசக் கூடாது. சாப்டியான்னும் கேக்க மாட்டேன்."

அதற்கு நான் சரி என்று சொல்லவில்லை. தலையாட்டினேன்.

கிளம்பும்போது சட்டையைக் கழற்ற ஏஞ்சலினைக் கூப்பிட்டேன். "விடு," என்றார் அக்கா. "அது அவளோடது." படியில் நின்று திரும்பி, ஒரு அட்டையை எடுத்து எழுதினார். பெயர், வயது, தேதி, சொன்ன வாக்கியம். என்னிடம் கேட்கவில்லை. ஏஞ்சலினிடமே கேட்டார், பேர் என்ன என்று. அவள் தேன்மிட்டாய்க்காகக் கையை நீட்டி, "ஆதிரை" என்றாள்.

இரண்டாவது பொய். நான் திருத்தினேன்.

ஜூலை 28, திங்கள்

மெர்சி அக்காவிடம் எல்லாம் சொன்னேன். ஒரு மணி நேரம் திட்டினார். பிறகு, "எம்மவ அந்த பாஷையில பேசிட்டாளா? நெசமாவா?" என்றார். அவருக்கு எங்கள் வழக்கம் தெரியாது. நிஜம் என்றேன். உள்ளே போய் சபைக்குப் போன் போட்டார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பதினொரு மணி. பாமு, பாமு, பாமு. என் முறை வந்தது. அக்கா என்னைத் தாண்டி அடுத்தவரிடம் போனார். குரல் மாறவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

டொரொன்டோக்காரர் இருமினார். நான் வாயை மூடிக்கொண்டு வாழைப்பழத் தோலைக் கிழித்துக்கொண்டிருந்தேன்.

சபரீஷின் முறை. "நே பாமு வி."

மேஜைக்கு அடியிலிருந்து, என் இட்லியில் பாதியைத் தின்று முடித்தவள், அதே சுருதியில், "நே பாமு வி."

ஸ்பீக்கரில் ஆறு பேரும் சிரித்தார்கள். அக்கா கடைசியாக நிறுத்தினார். "அந்தப் புள்ளைக்குத் தண்ணி குடு, விக்கப்போவுது," என்றார். பொதுவாகத்தான் சொன்னார். ஆனால் தண்ணீர் கொடுக்கும் தூரத்தில் நான் மட்டும்தான் இருந்தேன்.

முடிந்து இரண்டு நிமிடத்தில் சபரீஷிடமிருந்து தனிச் செய்தி. ஒரே சொல்.

"பாமு?"

அவர் ஏன் ஆறு வாரம் சும்மா இருந்தார் என்று நான் யோசிக்கவில்லை. இரண்டு முறைதான் யோசித்தேன்.

சாப்பிடவில்லை என்று எழுதினேன். பாதி இட்லிதான், மீதியைக் குழந்தை தின்றுவிட்டாள், எந்தக் குழந்தை என்று கேட்கலாம், 'நிஜமாவா' என்று கேட்கக் கூடாத வழக்கத்தை விட்டுவிடலாம் என்றும் எழுதினேன். பிறகு ரிப்பேர் முடிந்து வந்த மோட்டாரைப் போட்டேன், செருப்பு வாரை மாட்டினேன், ஏழாம் அத்தியாயத்தின் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தை எடுத்து முதல் வரியில் வினைக்குப் பின்னால் இருந்த 'நே'யை அடித்து முன்னால் எழுதினேன்.